பழைய வண்டியும் நம் பிழைப்பும்



இன்று வண்டியைப் பற்றிப் பேசுவோம். பெரிய கார் அல்ல. பால் கேன் சுமக்கும் மோட்டார் சைக்கிள், காய்கறி மூட்டை ஏற்றும் மொபெட். இவைதான் நம் வண்டிகள்.

வண்டி பழசாகிவிட்டது. புது வண்டி வாங்கப் பணம் இல்லை. கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். உதிரி பாகங்களின் விலை ஏறுகிறது. மெக்கானிக் கூலியும் ஏறுகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாள் வருமானமும் நின்றுவிடும். அப்படியானால் என்ன செய்வது? இருக்கிற வண்டியைக் கெடாமல் காப்பதுதான் வழி.

பெரிய செலவு திடீரென்று வருவதில்லை. சின்னக் குறையைக் கவனிக்காமல் விட்டால், அதுதான் பெரிய செலவாக வளர்கிறது.

முதலில் எஞ்சின் ஆயில். எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உரசுகிறது. நடுவில் ஆயில் இருந்தால் தேயாது. ஆயில் குறைந்தால் சூடேறும். பிஸ்டனும் அதன் வளையங்களும் தேயும். பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரம் ரூபாயில் போய் நிற்கும். பழைய எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். அதனால் வாரம் ஒரு முறை அளவு பாருங்கள். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்திப் பாருங்கள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் பழைய மொபெட் என்றால், சொன்ன அளவில் கலக்க வேண்டும். குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும். கூடினால் புகை கக்கும்.

அடுத்தது செயின். செயின் காய்ந்து துருப்பிடித்தால் பல்சக்கரத்தின் பல்லைத் தின்றுவிடும். அப்போது செயினோடு இரண்டு பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டிவரும். துடைத்து எண்ணெய் விடுங்கள். அதிகமாகத் தொங்கவும் கூடாது, விறைப்பாகவும் இருக்கக் கூடாது.

டயரில் காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். டயரின் ஓரமும் தேயும். வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிரேக் கட்டை முழுவதும் தேய்ந்தால் இரும்பு போய் டிரம்மைக் கீறும். அது பணச் செலவு. சாலையில் வண்டி நிற்காமல் போனால் அது உயிர்ச் செலவு. பிரேக் பிடிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் அன்றே காட்டுங்கள்.

இன்னொரு செலவும் உண்டு. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு இந்தக் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல நிலையில் இல்லாத வண்டியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். பழுது பார்க்கும் செலவும் அலைச்சலும் சேரும்.

நண்பர்களே, இப்போது நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதை வண்டிக்கும் பயன்படுத்துவோம்.

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். எந்த ஆயில், எவ்வளவு காற்று, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆயில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். நான்கு கட்டம் கட்டுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த ரூபாய். மெக்கானிக்கிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். இதில் கூச்சம் எதற்கு? நம் பணம், நம் வண்டி.

ஓர் ஆண்டு எழுதிப் பாருங்கள். எந்த வேலை அடிக்கடி வருகிறது என்று நோட்டே சொல்லும். ஒரே பாகம் மூன்று முறை மாறியிருந்தால், குறை வேறு இடத்தில் இருக்கலாம். அதை எடுத்துக் காட்டிக் கேட்கலாம். வண்டிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதும் தெரியும். செலவு அளவு மீறிப் போனால், இந்த வண்டியை இனி வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா என்று நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் நோட்டின் முதல் வரியை எழுதுங்கள்.