கோட்டைக்குள் வராத எட்டு லட்சம் பேர்

(26.01.2024 அன்று நம் குடியிருப்பில் கொடியேற்றத்துக்குப் பிறகு பேசியது)



"டிபன் ஆறிடும் சார், சுருக்கமா முடிச்சுடுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பத்து நிமிடம் போதும். கட்சி பேச மாட்டேன். நம் சங்கத்துக்குக் கட்சி கிடையாது. தொகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மக்களவைத் தேர்தல் இன்னும் சில மாதங்களில் வருகிறது.

உங்கள் எம்.பி. தொகுதி எது என்று கேட்டால், நம்மில் சிலர் "தாம்பரம்" என்கிறோம், சிலர் "தென் சென்னை" என்கிறோம். இரண்டும் இல்லை. குரோம்பேட்டையில் இருக்கும் நாம் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. ராமானுஜர் அவதரித்த ஊர், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றுதான் அந்தப் பெயர் நமக்குப் பழக்கம். நம்மில் பலர் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டோம்.

ஆனால் தொகுதி நம்முடையதுதான். மறுசீரமைப்புக்குப் பிறகு 2009 முதல் இதில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன: மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர். ஆறில் ஐந்து சென்னைப் புறநகர். பெயர் அந்த ஊருடையது, ஓட்டு பெரும்பாலும் நம்முடையது.

இப்போது இதைக் 'கோட்டை' என்கிறார்கள். காரணம் 2019 முடிவு. தி.மு.க.வின் டி.ஆர். பாலு 7,93,281 வாக்குகள் வாங்கி, 5 லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். "அஞ்சு லட்சத்துல என் ஒரு ஓட்டு என்ன ஆகப்போகுது?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது.

அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களையும் பாருங்கள். 2009-ல் இதே பாலு வென்றது சுமார் 25,000 வாக்குகளில். 2014-ல் அ.தி.மு.க.வின் கே.என். ராமச்சந்திரன் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். மூன்று தேர்தலில் இரண்டு முறை கை மாறிய இடம் இது. கோட்டை என்ற பெயர் ஒரே ஒரு தேர்தலில் வந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019-ல் இங்கே 22 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். வாக்களித்தவர்கள் சுமார் 62 சதவீதம். அப்படியானால் வராதவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். வென்றவர் வாங்கிய வாக்கைவிட வீட்டில் இருந்தவர்கள் அதிகம்!

அந்த எட்டு லட்சத்தில் நானும் ஒருவன். 2019-ல் தேர்தல் ஏப்ரல் 18, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. அதோடு சனி, ஞாயிறு. குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டேன். "யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சதுதானே" என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம், ரயில் பாதையைக் கடக்க வழி கேட்டு நாங்கள் சிலர் மனு எடுத்துப் போனோம். அங்கிருந்த கட்சிக்காரர் ஒருவர் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம். சிரித்துக்கொண்டே, "உங்க பூத்துல பாதிப் பேர் வர்றதே இல்லையே சார்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதுதான் ரகசியம். எந்தச் சாவடியில் எத்தனை வாக்கு, யாருக்கு எத்தனை என்பது ரகசியமில்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் 'படிவம் 20' என்று சாவடிவாரியாக வெளியிடுகிறார்கள். நாம் பார்ப்பதில்லை, கட்சிகள் வரி விடாமல் பார்க்கின்றன. எனவே உங்கள் ஓட்டு 5 லட்சத்தில் ஒன்றாக மட்டும் எண்ணப்படுவதில்லை. நம் சாவடியின் சில நூறு வாக்குகளில் ஒன்றாகவும் எண்ணப்படுகிறது. ரயில் நிலையம், விமான நிலையம் எல்லாம் மத்திய அரசிடம் இருப்பவை. அவற்றுக்காக நாளை யார் எம்.பி. ஆனாலும் நாம் போய் நிற்க வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு வாக்காளருக்கு 23 ரூபாய்கூட வராது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் வராத சாவடியின் குரல் எப்படிக் கேட்கும்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கு.

ஒன்று: இறுதி வாக்காளர் பட்டியல் இந்த 22-ஆம் தேதி வெளியாகிவிட்டது. இன்று இரவே தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டில் எல்லோர் பெயரையும் தேடுங்கள். அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் வேண்டும். சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் செய்யுங்கள்.

இரண்டு: பெயர் இல்லையென்றால் படிவம் 6. வேறு ஊரிலோ பழைய முகவரியிலோ இருந்தால் படிவம் 8. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்புவரை நேரம் உண்டு. ஆனால் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்று: வாடகைக்கு இருக்கும் நண்பர்களே, சொந்த வீடு இருந்தால்தான் இங்கே ஓட்டு என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் மாடியிலேயே ஒரு தம்பி எட்டு வருடமாக இங்கே இருக்கிறார். ஓட்டு மட்டும் இன்னும் மதுரையில். இங்கேதான் வசிக்கிறீர்கள், இங்கேயே பதியுங்கள். ஏப்ரல் 1 அன்று 18 வயது நிறையும் பிள்ளைகளும் இப்போதே விண்ணப்பிக்கலாம்.

நான்கு: ரயில் முன்பதிவு வெகு முன்பே திறக்கிறது. மே மாத டிக்கெட்டே இப்போது கிடைக்கிறது. கோடை விடுமுறைக்குப் போட்டுவிட்டவர்கள், தேர்தல் தேதி வந்ததும் ஒரு தடவை சரிபாருங்கள். தேவைப்பட்டால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் காலை 10 மணி முதல் சங்க அலுவலகத்தில் இருப்பேன். செல்போனில் படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் ஆதாரையும் ஒரு போட்டோவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்பலாம்.

யாருக்கு ஓட்டு என்பது உங்கள் விருப்பம். நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை மனுவோடு போகும்போது "உங்க பூத் வர்றதே இல்லையே" என்று யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எனக்கு அது போதும்.

இட்லி சூடாக இருக்கும்போதே போகலாம், வாருங்கள்.