புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டா



முதுமையில் வரும் கண்புரையைப் பற்றியும், அதைக் கவனியாது விட்டால் அதனால் விளையக்கூடிய கண் அழுத்த நோயைப் பற்றியும் இன்று நாம் தெரிந்துகொள்வோம். இரண்டாவது நோயை மருத்துவர்கள் குளுக்கோமா என்பர். கண்புரையால் மட்டும் மங்கிய பார்வையை அறுவை மருத்துவத்தால் மீட்கலாம். குளுக்கோமாவால் போன பார்வையையோ எவராலும் மீட்டுத்தர இயலாது. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே 2014-ஆம் ஆண்டில் தேசியக் கண் ஆய்வு நடைபெற்றது. பார்வையிழந்திருந்தோருள் நூற்றுக்கு 58 பேருக்கு மேல், மருத்துவம் செய்துகொள்ளாத கண்புரையினாலேயே அந்நிலையை அடைந்திருந்தனர் என அது காட்டியது. தீர்க்கக்கூடிய நோயினால் இத்தனை பேர் இருளில் வாழ்வானேன்?

அதற்கு ஒரு காரணம், "புரை இன்னும் முற்றவில்லை; முற்றிய பிறகு அறுத்துக்கொள்ளலாம்" என்று நம் பெரியவர்கள் பலர் நம்பியிருப்பது. நம் பாட்டன்மார் காலத்தில் இச்சொல்லில் பொருள் இருந்தது. அந்நாளில் கண்ணில் பெரிய காயம் செய்து வில்லையை வெளியே எடுத்தனர். நோயாளி பல நாள் அசையாது படுத்திருக்க வேண்டும். பின்னர்த் தடித்த கண்ணாடி அணிய வேண்டும். எனவே பார்வை மிகவும் குன்றும்வரை காத்திருப்பதே நலமென்று மருத்துவர்களும் கருதினர்.

1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் கெல்மன், நுண்ணிய ஒலியதிர்வால் புரையை உடைத்துச் சிறு துளை வழியே உறிஞ்சியெடுக்கும் முறையைக் கையாண்டார். இன்று காலையில் அறுவை செய்துகொண்டு மாலையில் வீடு திரும்புவோர் பலர். முற்றி இறுகிய புரையை உடைப்பதுதான் இப்போது கடினம்.

இனி, காத்திருப்பதால் குளுக்கோமா வருவது எங்ஙனம் என்று பார்ப்போம். நம் கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்து, கண்மணி வழியாக முன்பக்கம் வந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகின்றது. சுரப்பதும் வடிவதும் ஒத்திருக்கும்வரை கண்ணின் அழுத்தம் சீராக இருக்கும். லயத்துக் கால்வாயில் இலைதழை அடைத்துக்கொண்டால் நீர் மேலேறி வாசலுக்கு வருவதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணிலும் அவ்வாறே நேர்கின்றது.

புரை முற்றும்போது வில்லை நீரை உறிஞ்சி வீங்கலாம். வீங்கிய வில்லை முன்னோக்கித் தள்ள, வடிகாலின் வாய் அடைபடுகின்றது. அளவு கடந்து முற்றினாலோ, வில்லையினுள் இருக்கும் புரதம் கசிந்து வடிகாலை அடைக்கக்கூடும். இரு வழியிலும் அழுத்தம் உயர்ந்து, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பு நசுங்குகின்றது. இறந்த நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை.

இவ்வகைக் குளுக்கோமா பெரும்பாலும் திடீரெனத் தாக்கும். கண் சிவக்கும்; கடுமையாக வலிக்கும்; அதே பக்கத்தில் தலை பிளப்பதுபோல் இருக்கும்; வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வானவில்போல் வளையம் தோன்றும். விடியுமுன் நெற்றிவிளக்குடன் பால்மரம் சீவச் செல்வோர் இவ்வளையத்தை அலட்சியம் செய்யலாகாது. வாந்தியைக் கண்டு பித்தமென்றும், தலைவலியைக் கண்டு வெயிலின் வெம்மையென்றும் எண்ணி வீட்டிலேயே படுத்துவிடுவது பேராபத்து. விடுமுறை முடியட்டும் என்று காத்திராமல், அன்றே, அந்த மணியிலேயே, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அங்கே சொட்டு மருந்தாலும் மாத்திரையாலும் ஊசியாலும் முதலில் அழுத்தத்தைத் தணிப்பர். பின்னர்ப் புரையை நீக்கி, நோயின் காரணத்தையே அகற்றுவர். அதன் பிறகும் அழுத்தம் உயர்ந்திருந்தால், வலி இல்லையென்று சொட்டு மருந்தை நிறுத்திவிடக்கூடாது. மருத்துவர் சொல்லும்வரை நாள் தவறாது இட்டு வர வேண்டும்.

குளுக்கோமா எல்லாம் புரையினால் வருவன அல்ல. வலியே இல்லாமல், பார்வையின் ஓரத்தைச் சிறுகச் சிறுக அரிக்கும் வகையும் உண்டு. ஆகவே 40 வயதைக் கடந்தோர் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்வது நன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் சோதனை கட்டாயம் தேவை. நீரிழிவு உள்ளோர் ஆண்டுதோறும் கண்ணைக் காட்ட வேண்டும்.

கண்ணில் இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றை விடுவதை நாம் அறவே கைவிட வேண்டும். கடையில் தாமே வாங்கும் சொட்டு மருந்துகளிலும் தீங்குண்டு. ஸ்டீராய்ட் கலந்தவற்றை நெடுநாள் இட்டால் அவையே கண்ணின் அழுத்தத்தை உயர்த்தக்கூடும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை மருத்துவத்தில் இல்லை.

அன்பர்களே, வீட்டின் மூலையில் அமர்ந்திருக்கும் முதியோர், "வயதாகிவிட்டது, எனக்கெதற்கு வைத்தியம்?" என்பர். பிள்ளைகளின் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையே அவர்களை அவ்வாறு பேச வைக்கின்றது. அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருத்தல் முறையன்று. அவர்களுடைய கண்மணி வெண்மையாகத் தெரிகின்றதா, படியிறங்கத் தடுமாறுகின்றனரா, முகம் பார்த்தன்றிக் குரல் கேட்டே நம்மை அறிகின்றனரா என்று நாமே கவனிப்போம். அரசாங்க கிளினிக்கில் காட்டினால், தேவைக்கேற்பக் கண் மருத்துவரிடம் அனுப்பிவைப்பர்.

இருள் பிரியுமுன் எழுந்து, மரம் மரமாய் நடந்து நம்மை வளர்த்தவர்கள் அவர்கள். அவர்தம் பார்வையைக் காப்பது நம் கடமை. இவ்வாரமே ஒரு நாளை ஒதுக்கி, அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம்.