உப்பளத்து ஓரத்தில் ஒரு துகள் உணரி

அறிவியல் புனைகதை எழுத ஆசைப்படும் இளைஞர்களை மனத்தில் வைத்து இன்று பேசப்போகிறேன். வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் கேட்கலாம். எந்தக் கதை நம்மை ஏய்க்கிறது என்று கண்டுபிடிக்க உதவும்.

ஒரு கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் கடற்கரையில் ரகசிய ஆய்வுக்கூடம். நள்ளிரவு. கருவி அலறுகிறது. விஞ்ஞானி திரையைப் பார்த்து, "நியூட்ரினோ! வேற்றுக் கிரகத்துச் செய்தி!" என்று கத்துகிறார். வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். வேற்றுக் கிரகத்துக்காரரை அவர் பொறுத்துக்கொள்வார். அந்தக் கருவி அவ்வளவு சுளுவாக வேலை செய்ததைத்தான் பொறுக்கமாட்டார்.

பாத்தியில் கடல்நீர் பாய்ச்சிய அன்றைக்கே உப்பு வாரினார்கள் என்று எழுதினால் அகஸ்தியம்பள்ளி உப்பளத் தொழிலாளி சிரிக்கமாட்டாரா? துகள் உணரும் கருவியும் அப்படித்தான். அதற்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு, ஒரு முரண்டு உண்டு, கைவிரிக்கும் இடமும் உண்டு. கருவியால் என்ன முடியாது என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தால், அதனால் முடிவதை வாசகர் தானாகவே நம்பிவிடுவார்.

கற்பனைக் கருவிக்குப் போகுமுன் நம் ஊட்டியில் இருக்கும் நிஜக் கருவியைப் பார்ப்போம். கடல் மட்டத்துக்கு மேல் 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம். அங்கே நடக்கும் சோதனைக்கு கிரேப்ஸ்-3 என்று பெயர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும்போது மியூவான் என்ற துகள்கள் மழையாகப் பொழிகின்றன. இப்போது உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்தால், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மியூவானைப் பிடிக்கும் கருவி என்ன தெரியுமா? ஆறு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய். வாய் சதுரம், பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர். நடுவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இழுத்துக் கட்டிய மெல்லிய டங்ஸ்டன் கம்பி. உள்ளே ஆர்கானும் கொஞ்சம் மீத்தேனும் கலந்த வாயு. கம்பியில் உயர் மின்னழுத்தம். மியூவான் குழாயைத் துளைத்துப் போகிற வழியில் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவை கம்பியை நோக்கி ஓடுகின்றன. கம்பியை நெருங்க நெருங்க வேகம் பிடித்து, வழியில் இன்னும் பல எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகின்றன. முடிவில் கம்பியில் ஒரு சின்ன மின்துடிப்பு. விஞ்ஞானிக்குக் கிடைப்பது அந்தத் துடிப்பு ஒன்றுதான். மியூவான் அதற்குள் தரைக்கடியில் எங்கோ போயிருக்கும்.

இப்படி 3712 குழாய்கள், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக நான்கு அடுக்கு. தலைக்கு மேல் இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட், மற்ற துகள்களை வடிகட்ட. நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறார்கள்.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் திரண்டது. மியூவான் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. பதினெட்டு நிமிடம் அப்படியே இருந்தது. மேகத்துக்குள் இருந்த மின்புலம் மியூவான்களின் ஆற்றலை மாற்றிவிட்டதுதான் காரணம். அந்தக் குறைவை வைத்துக் கணக்குப் போட்டு, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று 2019-ல் வெளியிட்டார்கள். மேகம் அந்த அளவை எட்டலாம் என்று 1920-களிலேயே சொன்னவர் சி.டி.ஆர். வில்சன். ஒரு பெட்டிக்குள் செயற்கையாக மேகத்தை உண்டாக்கி, அதில் துகள்களின் தடத்தைக் காட்டியவரும் அவரே.

கதை எழுதுகிறவர் இதில் கவனிக்க வேண்டியது அந்த 2 சதவீதத்தை. கருவி அலறவில்லை. எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கோடிக்கணக்கில் எண்ணியதால்தான் அந்தக் குறைவே கண்ணில் பட்டது. நூறு மியூவான் எண்ணியிருந்தால் இரண்டு குறைந்ததை யார் கவனித்திருப்பார்கள்? உங்கள் கதாநாயகி திரையில் பார்க்க வேண்டியதும் இப்படி ஒரு சந்தேகத்துக்குரிய சரிவைத்தான்.

அடுத்தது நியூட்ரினோ என்ற துகள். சூரியனிலிருந்து மட்டுமே நம் கட்டைவிரல் நகத்தை நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் துளைத்துப் போகின்றன. ஒன்றுகூட நிற்பதில்லை என்றே சொல்லலாம். அபூர்வமாக நிற்கும் ஒன்றைப் பார்க்கவிடாமல் மியூவான் மழை இரைச்சல் போடுகிறது. அதனால்தான் பூமிக்குள் இறங்குகிறார்கள். தமிழர்கள் ஏராளமாக உழைத்த கோலார் தங்க வயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து 1965-ல் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். உலகில் அந்த வகையில் முதல் பதிவுகளில் ஒன்று அது.

அப்படியானால் நம் வேதாரண்யம் கடலில் நியூட்ரினோ கருவியைப் போடலாமா? மத்தியதரைக் கடலில் போடுகிறார்கள். ஆனால் அங்கே ஆழம் 2500, 3500 மீட்டர். இருட்டு, தெளிந்த நீர். இங்கே பாக் நீரிணை ஆழமில்லாத கலங்கல் கடல். கதையில் அதை மறைக்க முடியாது. அந்த ஆழ்கடலிலும் ஒரு தொல்லை உண்டு. கடல் உப்பில் இருக்கும் பொட்டாசியம்-40 சிதைந்து, நீருக்குள் ஓயாமல் சின்னச் சின்ன ஒளிப்பொறிகளைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. நியூட்ரினோ மோதும்போது நீரில் எழும் வெளிச்சத்தை இந்த உப்பின் வெளிச்சத்திலிருந்து பிரித்தெடுப்பதே ஒரு வேலை.

உப்பு தொல்லை மட்டும் தரவில்லை, உதவியும் செய்திருக்கிறது. சமையல் உப்பில் இருப்பவை சோடியமும் குளோரினும். 1948-ல் ஹாஃப்ஸ்டாட்டர் என்ற இயற்பியலாளர், சோடியம் அயோடைடு படிகத்தில் துளி தாலியம் சேர்த்தால் கதிர் பட்டதும் அது மினுங்கும் என்று காட்டினார். இன்றும் அந்தப் படிகம் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். காற்றுப் புகாத உறைக்குள் பூட்டி வைக்க வேண்டும். ஐப்பசி மழையில், கடற்காற்றில், அந்த உறையில் மயிரிழை விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? உங்கள் கதைக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது.

இனி குளோரின். அமெரிக்காவில் ரே டேவிஸ் என்பவர் ஒரு தங்கச் சுரங்கத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் 615 டன் சலவைத் திரவத்தைத் தொட்டியில் நிரப்பினார். சூரியனின் நியூட்ரினோ அதிலுள்ள குளோரின் அணுவில் மோதினால் அது ஆர்கான் அணுவாக மாறும். கிடைத்ததோ இரண்டு நாளைக்கு ஓர் அணு என்ற அளவு. கணக்கு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். வருஷக்கணக்கில் பலர் அவருடைய சோதனையைச் சந்தேகித்தார்கள். கடைசியில் சோதனையும் சரி, சூரியனைப் பற்றிய கணக்கும் சரி. நியூட்ரினோதான் வழியில் வகை மாறியிருந்தது. 2002-ல் டேவிஸுக்கு நோபல் பரிசு வந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2011-ல் ஐரோப்பாவில், சுமார் 730 கிலோமீட்டர் தூரம் வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஒரு குழு அறிவித்தது. உலகமே பரபரத்தது. முக்கியக் காரணம், சரியாகச் சொருகாத ஒரு கண்ணாடி இழைக் கேபிள். கருவி தந்த எண்ணை உடனே கொண்டாடும் விஞ்ஞானியை நம்பாதீர்கள். கேபிளை ஆட்டிப் பார்க்கிறவரைக் கதாபாத்திரமாக்குங்கள்.

சரி, வேதாரண்யத்துக்கே ஒரு கதை அமைத்துப் பார்ப்போம். மூடிய கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி அடைத்த தலம் இது. கதவைத் தொடாமலே உள்ளே இருப்பதை அறிவது என்ற ஆசை இந்த ஊர்க் கதைக்குப் பொருந்தும். கனத்த கல் மண்டபம் ஒன்று, அதற்குள் மூடப்பட்ட அறை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இதெல்லாம் கற்பனை. ஆனால் வழி நிஜமானது. கல்லைக் கடக்கும் மியூவான் குறையும், வெற்றிடத்தைக் கடப்பது குறையாது. எகிப்தின் காஃப்ரே பிரமிடை 1960-களில் அல்வாரெஸ் என்ற இயற்பியலாளர் இப்படிப் பார்த்தார். மறைந்த அறை எதுவும் இல்லை. 2017-ல் கூஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பது இதே முறையில் தெரிந்தது.

மியூவான் பெரும்பாலும் மேலிருந்துதான் வரும். ஆகவே கருவி அறைக்குக் கீழேயோ, பக்கவாட்டில் தாழ்வாகவோ இருக்க வேண்டும். ஒரே இரவில் படம் கிடைக்காது, மாதக்கணக்காகும். கிடைக்கும் படமும் மங்கல்தான். சிலையின் முகமெல்லாம் தெரியாது. நடுவில் கரண்ட் போகும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சேர்த்த தரவில் அந்த நாட்கள் வெற்றிடமாக நிற்கும்.

ஊர்க்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், மலைக்குள் 50,000 டன் இரும்புக் கருவியோடு அமைய இருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 தொடக்கத்தில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. போராட்டம், வழக்கு, அனுமதிச் சிக்கல் என்று அது நின்றுபோனது. தமிழ்நாட்டில் நடக்கும் கதையில் ஒரு கருவி வருகிறது என்றால், அதோடு ஒரு கிராமசபைக் கூட்டமும் வந்தாக வேண்டும்.

ஒரு கதைக்கு ஒரு பொய் போதும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுகிறது, சிந்திக்கிறது. அதை நாம் ஒப்புக்கொண்டோம். ஏனென்றால் சுற்றியிருந்த அரசாங்கமும் அனுமதியும் பயமும் நமக்குத் தெரிந்த உலகத்தவை.

எழுத உட்காருமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். துகள் எதில், என்ன தடத்தை விட்டுப் போகிறது? அந்தத் தடத்தைப் போலவே வேஷம் போடும் இரைச்சல் எது? கரண்ட் போனால், மழை வந்தால், அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், கதையில் ஒரு சமன்பாடுகூட வேண்டியதில்லை. வேற்றுக் கிரகத்துச் செய்தியைத் தாராளமாக வரவழையுங்கள்.