உழைக்கும் எந்திரத்தை ஓய்வுபெறச் செய்வது யார்?

(கோலார் தங்கவயலில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கணினிகளைப் பற்றிப் பேச வருகிறேன் என்றதும் சிலர் புன்னகைத்தார்கள். இதனைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இங்கே மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பாறையைக் கையால் தொட்டே அறிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் தீர்ப்பை எழுதியது நட்டக் கணக்கு. பின்னர் நீரிறைப்பும் நின்றது. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. கருவியை இயக்கும் கை ஒன்று, அதன் ஆயுளை முடிவு செய்யும் கை வேறொன்று என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

‘மூலதனம்’ முதல் தொகுதியில் எந்திரத்தின் தேய்மானத்தை மார்க்ஸ் இருவகையாகப் பிரிக்கிறார். பயன்படுத்துவதால் தேய்வதும், பயன்படுத்தாமல் துருப்பிடிப்பதும் ஒருவகை. அதே எந்திரம் மலிவாக உற்பத்தியாகும்போதோ, மேம்பட்ட எந்திரம் போட்டிக்கு வரும்போதோ பழையது தன் மதிப்பை இழப்பது மற்றொரு வகை. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘ஒழுக்கத் தேய்மானம்’ என்றாகிக் குழப்பம் தரும். ‘மதிப்புத் தேய்மானம்’ என்றே நான் விளக்குவது வழக்கம். நம் காலத்தில் இதனுடன் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எந்திரம் தேயாமலே, உரிமையாளரின் அறிவிப்பு ஒன்றினால் அது பயனிழக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. புதிய பதிப்பு விதிக்கும் வன்பொருள் நிபந்தனைகளுக்கு உட்படாத கணினிகள், நேற்றுவரை குறையின்றி இயங்கியவை, கழிவுப் பட்டியலை நோக்கித் தள்ளப்பட்டன. தொழிற்சங்க அலுவலகங்களில் உள்ள கணினிகளும் இதற்கு விலக்கல்ல.

இதற்கு மறுமொழி 1994-இலேயே தொடங்கிவிட்டது. எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தை அதே நிறுவனம் கைவிடப்போவதை அறிந்தபோது, அமெரிக்காவில் இயற்பியல் மாணவராயிருந்த ஜிம் ஹால், அதே பணிகளைச் செய்யும் நிரல்களைப் புதிதாக எழுதுவோம் என்று அழைப்பு விடுத்தார். அவ்வாறு பிறந்ததே ஃப்ரீடாஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறருக்கும் அளித்தாக வேண்டும். 2006-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2025-இலும் புதிய பதிப்பு வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்-டாஸ் தொடக்கப் பதிப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது 2018-இல்தான். நான்காம் பதிப்பை 2024-இல். இலாபம் வற்றிய பிறகு வந்த தாராளம் அது. பயனர்கள் அதற்காகக் காத்திருந்தால் முப்பதாண்டுகள் கடந்திருக்கும்.

மென்பொருளைக் கூடி எழுதிவிடலாம். வன்பொருளை என்ன செய்வது? 1976 முதல் உற்பத்தியாகி வந்த இசட்80 நுண்செயலியின் நிலையான வகைகளை நிறுத்துவதாக 2024 ஏப்ரலில் ஸைலாக் நிறுவனம் அறிவித்தது. அதனை நம்பிய பழைய கணினிகளுக்காக, அதே வகையில் இயங்கும் கட்டற்ற சில்லு ஒன்றை வடிவமைக்கத் தன்னார்வலர்கள் முனைந்தார்கள். 2020-இல் ஸ்கைவாட்டர் ஆலையின் 130 நானோமீட்டர் உற்பத்தி விதிமுறைகள் கூகுளின் துணையுடன் திறந்துவிடப்பட்டிருந்ததால் இது இயன்றது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வரைபடம் பொதுவுடைமையானாலும் ஆலை தனியுடைமையாகவே இருக்கிறது. திறந்த மூலம் சோசலிசமாகிவிடாது.

நம் நாட்டு அனுபவம் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ், பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ கணினிகள் நம் பள்ளிகளுக்கு வந்தன. மொகாலியிலிருந்த பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று அக்கணினியை ‘யூனிகார்ன்’ என்னும் பெயரில் உருவாக்கியது. கை நம்முடையது, வரைபடம் பிறருடையது. 2018-இல் அதே மொகாலியின் ஆலையில் சென்னை ஐஐடியின் ‘சக்தி’ நுண்செயலி உருவானது. அதன் வடிவமைப்பு கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. பொதுத்துறை ஆலையும் பொது அறிவும் ஓரிடத்தில் சந்தித்த தருணம் அது. பொதுத்துறையைக் காக்கும் நம் போராட்டத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது?

என் மேசையில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் நான் செய்த மொழிபெயர்ப்புகள் ஒரு தனியார் எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. அதனை விற்றவர்கள் இன்று தொழிலில் இல்லை. பின்னாளில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றின. தன்னார்வலர்கள் ஆக்கி வழங்கிய குறியாக்க மாற்றிகளால் பெரும்பகுதியை ஒருங்குறிக்கு மீட்டேன். வட்டே பழுதாகியிருந்த ஒரு நூலை மட்டும் மீட்க இயலவில்லை. அச்சுப் படியைப் பார்த்து மீண்டும் முதலிலிருந்து தட்டெழுதினேன். என் சொற்களே என் கைக்கு எட்டாமற்போன அந்நாட்களில்தான் இந்தச் சிக்கல் எனக்கு உறைத்தது.

என்னிடமிருந்தவை நூல்கள். உங்களிடம் இருப்பவை தொழிலாளர் பட்டியல்கள், நிலுவைக் கணக்குகள், வீட்டுரிமை விண்ணப்பங்கள், நுரையீரலில் பாறைத்தூசு படிந்தவர்களின் மருத்துவச் சான்றுகள். அவை திறக்க இயலாத கோப்பாகிவிட்டால், ஓர் ஓய்வூதியர் தன் உரிமையை எதைக் காட்டி நிறுவுவார்?

ஆகவே மூன்று பணிகள் நம்முன் உள்ளன. சங்கத்தின் பழைய கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கும் திறந்த வடிவங்களுக்கும் மாற்றி, வெவ்வேறு இடங்களில் படிகள் வைக்க வேண்டும். கழிவென்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் லினக்ஸ் நிறுவி, அவற்றை நூலகங்களுக்கும் மாலைநேரப் பள்ளிகளுக்கும் அளிக்க வேண்டும். அரசு தன் பணத்தில் எழுதும் மென்பொருள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் கோரிக்கையை நம் மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும்.

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் கணினி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள். முதல் அலமாரியை அன்றே திறந்துவிடலாம்.