மாலையோடு முடியக்கூடாது



2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தது. கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிச் செங்கன்னூருக்கு விரைந்தார்கள். 669 படகுகள், சுமார் 4,500 பேர். மீட்கப்பட்டோர் 65,000 என்றது அரசுக் கணக்கு. 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் சொந்தங்களைக் கடலுக்குப் பறிகொடுத்த மக்கள் இவர்கள்!

ஆகஸ்ட் 29இல் திருவனந்தபுரத்தில் அரசே விழா எடுத்துப் பாராட்டியது. மாலை வாடிவிடும், உடைந்த படகைச் செப்பனிட்டுத் தருவோம், படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவோம் என்றார்களே, அதுதான் மரியாதை.

பிழைக்க வந்த ஊரில் வெள்ளம் வடிந்ததும் சேறு அள்ளுகிறவர்கள் நாம். நிவாரணப் பட்டியல் எழுதும்போது மட்டும் வெளியூர்க்காரர்களா? பதக்கம் இருக்கட்டும். உரிய கூலி, காயத்துக்கு நஷ்டஈடு, பட்டியலில் பெயர் — சங்கமாய்க் கேட்போம்!