தோற்றவருக்கும் துணை உண்டு

1957-ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் முடிந்ததும், நியூயார்க் நகரத்து டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ் என்னும் பேஸ்பால் குழுக்கள் இரண்டும் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றின் அன்பர்கள் நான்கு பருவங்கள் சொந்தக் குழுவின்றித் தவித்தனர்.

1962-இல் மெட்ஸ் என்னும் புதுக் குழு பிறந்தது. முதல் ஒன்பது ஆட்டங்களும் தோல்வி! அவ்வாண்டு வெளியூர்களில் பெற்ற வெற்றி 18, தோல்வியோ 62. கலிபோர்னியாவில் இரவு எட்டு மணிக்கு ஆட்டமெனில், நியூயார்க்கில் மணி பதினொன்று. ஆயினும் உறக்கந் துறந்து, வானொலியருகே அமர்ந்து, அத்தோல்விகளைக் கேட்டிருந்தான் ரசிகன். பித்தோ இது? அன்று, குழுவே இல்லாத மௌனத்தை அவன் அறிந்திருந்தான்.

1969-இல் மெட்ஸ் உலகத் தொடரையே வென்றது. வெற்றியை ஊரே கொண்டாடிற்று. அதன் சுவையை முழுதும் உணர்ந்தவன், அந்த 62 தோல்விகளோடும் விழித்திருந்தவனே அல்லனோ?