உருவும் பெயரும்: கம்பம் பள்ளத்தாக்கின் கறுப்பு வெள்ளைப் படங்கள்



வீட்டை அணிசெய்தல் இலக்கிய மேடைக்குரிய பொருள்தானா என ஐயுறுவோர், கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வீடு ஒன்றனுள் புகுந்து சற்றே அண்ணாந்து பார்த்தல் வேண்டும். கூடத்துச் சுவரின் மேற்பகுதியில், விட்டத்தை ஒட்டி, முன்புறம் சாய்ந்தவாறு கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாகத் தொங்கும். பாட்டனார், பாட்டியார், நாற்காலியின் கையைப் பற்றி விறைத்து நிற்கும் புதுமணமக்கள். மறைந்தோர் படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் துலங்கும். வாழ்நாளில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாதவரை, இறந்தபின் நாற்காலியில் சாய்த்து அமர்த்தி எடுத்த படங்களும் தமிழகத்தில் உண்டு. இவை அழகுக்காக மாட்டப்பட்டவை அல்ல; உறவுமுறை பற்றி மாட்டப்பட்டவை. அழகு பின்னர் வந்து சேர்ந்தது.

இவ்வரிசையில், குருதித் தொடர்பு சிறிதுமில்லாத ஒருவரும் இடம்பெறுகிறார். அவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். 1841இல் புனேயில் பிறந்து 1911இல் இங்கிலாந்தில் மறைந்த பொறியாளர். மேற்கே ஓடிய பெரியாற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை, 1887இல் தொடங்கி 1895இல் அவர் பொறுப்பில் நிறைவுற்றது. லோயர்கேம்பில் 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் அரசு செய்த சிறப்பு. ஆனால், மீசை அடர்ந்த அந்த வெள்ளையரின் படத்தை வீட்டிலும் கடையிலும் தெய்வப் படங்களுக்கருகே மாட்டி, பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் இட்டது உழவர் குடும்பங்களின் செயல். அயலார் ஒருவர் முன்னோராகிவிட்டார். நீருக்கு நன்றி சொல்ல இதனினும் எளிய வழி வேறென்ன இருக்கிறது!

நகரங்களில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. பழைய வீடுகள் இடிபடும்போது கதவும் தூணும் விலைபோவது போல, சட்டமிட்ட குடும்பப் படங்களும் பழம்பொருள் கடைக்குச் செல்கின்றன. அங்கிருந்து அவை உணவு விடுதிச் சுவருக்கும் புதுமனைக் கூடத்துக்கும் போய்ச் சேர்கின்றன. அட்டிகை அணிந்த அம்மையார் யாரென அவ்வீட்டார்க்குத் தெரியாது. படத்தின் ஒளியும் நிழலும் குன்றுவதில்லை என்பது மெய்யே. ஆயினும், முன்னோர் ஒருவர் அயலாராகிவிட்டார்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்பிராமி நடுகற்கள் இங்கு எண்ணத்தக்கன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளையும் தீயன் அந்தவன் என்னும் பெயரையும் குறிக்கிறது. அவ்வூர் கம்பத்தை அடுத்த இன்றைய கூடலூரே எனக் கருதுவாரும் உளர். கல்லில் வீரனின் உருவம் இல்லை; பெயர் மட்டுமே உண்டு. பெயர் நின்றமையால், முகம் அறியாத அவ்வீரனை இன்றும் நினைக்க முடிகிறது. கடையில் விலைபோகும் படத்திலோ உருவம் உண்டு, பெயர் இல்லை.

இரண்டும் இல்லாதோரும் உளர். பெரியாறு அணைப் பணியில் காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் பலியாயினர். அணைக்கு அருகே அவர்கள் புதைக்கப்பட்ட இடம் உள்ளது. அவர்களுள் எத்தனை பேருக்கு வீட்டுச் சுவரில் இடம் கிடைத்திருக்கும்? பென்னிகுயிக்கைப் பாடும் கவிஞர்கள் இவர்களையும் பாடுதல் தகும்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை வெள்ளியால் ஆனது. அந்த வெள்ளிக்காகவே, படப்பிடிப்பு நிலையங்கள் பல தம் பழைய நெகட்டிவ்களை உருக்குவோரிடம் விற்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு நிலையப் படங்களைத் தேடித் தொகுக்கத் தொடங்குமுன்னரே அழிந்தவை மிகுதி.

ஆதலின், வீட்டில் எஞ்சிய படங்களைக் கீழிறக்கித் துடைக்கும் நாளில், அகவை முதிர்ந்தோரை அருகமர்த்தி ஒவ்வொருவர் பெயரையும் கேட்டல் நன்று. மூலப்படத்தை இருளான, ஈரமற்ற இடத்தில் வைத்து, நகலையே சட்டமிட வேண்டும். இரு பருவமழையும் காணும் இப்பகுதியில் ஈரம் ஏறும் புறச்சுவரும், வெயில் விழும் சுவரும் படத்துக்கு ஆகா. கண்ணாடி படத்தைத் தொட்டால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். நடுவே அட்டை விளிம்பு இருத்தல் வேண்டும். பெயரை மூலப்படத்தின் பின்புறத்தில் எழுதுக. பேனா வேண்டா, மை ஊறும், முனை அழுந்தும். மெல்லிய பென்சில் போதும்.